காற்றுக்கும் ஒரு துருசு

அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு மாணவி எழுதிய கடிதம் இந்த வாரம் முழுவதும் என் மேசைமீது கிடக்கிறது. உயர்தர வகுப்பிலே பௌதிகவியல் பயிலும் அவர், இந்திய விமானப்படை தனது மிக்-21 விமானங்களுக்கு 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி சண்டிகார் நகரிலே விடைகொடுத்த செய்தியைப் பத்திரிகையிற் படித்தாராம். செய்தியோடு வெளிவந்த படத்தை வெட்டிக் கொப்பியிலே ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஓர் ஐயம் எழுந்திருக்கிறது.

“அவ்விமானத்தின் மூக்கு ஒரு குழாயின் வாயைப்போலத் திறந்திருக்கிறது. எஞ்சினுக்கு வேண்டிய காற்று அதனூடாகத்தான் உள்ளே போகிறது என்று அறிகிறேன். அப்படியாயின், அந்த வாயின் நடுவிலே பெரியதொரு கூம்பை வைத்து அடைத்திருப்பது ஏன்? மூச்சு விடவேண்டிய இடத்தில் முட்டுக்கட்டை எதற்கு?” என்பது அவருடைய வினா.

வினாவோடு கடிதம் முடியவில்லை. வீட்டிலே மூத்த சகோதரர், “காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கு” என்றாராம். பாடசாலையில் ஆசிரியர், “அதற்குள்ளே ராடர் கருவி இருக்கிறது” என்றாராம். படத்தை வாங்கிப் பார்த்த வாப்பாவோ, “அது ஒரு துருசு மாதிரி இருக்கும் மகள்” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளிற் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டாராம். அதைக் கேட்டு வீட்டில் எல்லோரும் சிரித்தார்களாம். “நானும் சிரித்தேன். பிறகு மனம் கேட்கவில்லை. மூவரில் யார் சொன்னது சரி?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

தீர்ப்பைக் கடைசியிற் சொல்வோம். முதலிலே வழக்கை விசாரிப்போம்.

ஜெட் எஞ்சினின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது முன்புறத்தாலே காற்றை உள்ளெடுக்கும். வரிசை வரிசையாகச் சுழலும் அலகுகளைக் கொண்ட அமுக்கி அக்காற்றை நெருக்கும். நெருங்கிய காற்றிலே எரிபொருளைத் தூவி எரிக்கும். சூடேறி விரிந்த வாயு பின்னேயுள்ள சுழலியைச் சுற்றிவிட்டுக் கடைவாயாலே சீறிப் பாயும். அப்பாய்ச்சலின் எதிர்விளைவே விமானத்தை முன்னோக்கித் தள்ளும் உந்துவிசை. இவ்வளவும் பாடப்புத்தகத்தில் உண்டு. அதிலே பெரும்பாலும் சொல்லப்படாத ஒன்று, அமுக்கிக்கு வந்து சேரும் காற்று எத்தகையதாக இருக்கவேண்டும் என்பது.

அமுக்கியின் அலகுகள் மிக நுண்ணியவை. காற்று அவற்றை அளவான வேகத்திலே, ஒரே சீராக வந்து அடைய வேண்டும். ஒலியின் வேகத்திற் பாதியளவு என்பது அவற்றுக்கு இசைந்த வேகம். அதற்கு மிஞ்சினால் அலகுகளின்மேற் காற்று ஒழுங்காகத் தவழாது. சுழிப்பும் அதிர்வும் உண்டாகும். சில வேளைகளில் நெருங்கிய காற்று பின்வாங்கி, வெடியோசையோடு வாயாலே திருப்பிக் கக்கப்படுவதும் உண்டு.

விமானம் மெதுவாகப் பறக்கும்போது இதில் இடர்ப்பாடு இல்லை. ஆனால் மிக்-21 போன்ற விமானம் ஒலியினும் இரு மடங்கு வேகத்திலே செல்ல வல்லது. நிலத்திலிருந்து 11 கிலோமீற்றர் உயரத்திலே ஒலியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 1,060 கிலோமீற்றர். அதன் இரு மடங்கிலே செல்லும் விமானத்தின் வாயிலே காற்று மணிக்கு 2,100 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் மோதும். அலகுகள் வேண்டுவதோ ஏறக்குறைய 700 கிலோமீற்றர். ஒரு மனிதன் இரண்டு மூன்று எட்டு வைக்கும் தூரத்திற்குள்ளே அந்தக் காற்றை அடக்கிப் பணிய வைத்து உள்ளே அனுப்புதல் வேண்டும். ஆகவே, “காற்றுப் போகவேண்டிய இடத்தில் ஏன் அடைப்பு?” என்று கேட்பதை விட, “இவ்வளவு ஆவேசத்தோடு வரும் காற்றை எப்படித் தணிப்பது?” என்று கேட்பதே பொருத்தம்.

இங்கே ஒலியின் வேகத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதையும் அறிதல் நன்று. காற்றிலே ஒரு பொருள் நகரும்போது, அது வருகிறது என்னும் செய்தி அமுக்க அலையாக அதற்கு முன்னே ஓடுகிறது. அச்செய்தி ஓடும் வேகமே ஒலியின் வேகம். விமானம் அதனிலும் மெதுவாகச் செல்லுமாயின் முன்னேயுள்ள காற்று செய்தியறிந்து விலகி வழிவிடும். விமானம் ஒலியை விஞ்சிவிட்டாலோ, செய்தியை முந்திக்கொண்டு விமானமே வந்துவிடுகிறது. அறியாமல் நின்ற காற்று திடீரென நெரிபட்டு, தாளினும் மெல்லிய ஒரு படலத்திலே அமுக்கமும் வெப்பமும் ஒரே பாய்ச்சலில் உயர்கின்றன. இதனையே அதிர்ச்சி அலை என்பர். ஒலியை விஞ்சிய விமானம் ஒன்று மேலே செல்லும்போது கீழே இருப்போர் காதில் இடிபோல விழுவது இவ்வலைதான்.

இவ்வதிர்ச்சி அலை காற்றின் வேகத்தைத் தணிக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கு ஒரு விலை வாங்கிக்கொள்ளும். எஞ்சினின் வாய்க்கு நேரே நிமிர்ந்து நிற்கும் ஒற்றை அலையாலே காற்றைத் தணித்தால், ஒலியினும் ஒன்றரை மடங்கு வேகத்தில் காற்றின் பயன்படத்தக்க அமுக்கத்தில் நூற்றுக்கு 7 பங்கு வீணாகும். இரு மடங்கிலே 28 பங்கு வீணாகும். மும்மடங்கு வேகத்திலோ 67 பங்கு, அதாவது மூன்றில் இரண்டு, பயனற்ற வெப்பமாகிப் போய்விடும். வேகம் கூடக்கூட நட்டம் எப்படிப் பாய்ந்து வளர்கிறது என்று பாருங்கள்!

இதற்குப் பரிகாரம் யாது? எமது வயற்புறத்திலே பிறந்தவர்கள் இவ்விடத்தில் ஒரு கணம் வாய்க்காலை நினைத்துப் பார்க்கலாம். மேட்டு நிலத்திலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் வாய்க்காலை ஒரே செங்குத்தாக விழவிட்டால் தண்ணீர் அடியை அரித்துக் குழியாக்கிவிடும். ஆகவேதான் பல சிறு படிகளாகக் கட்டி இறக்குகிறோம். ஒவ்வொரு படியிலும் தண்ணீர் சிறிது வேகம் தணிந்து, கடைசியிலே வயலின் வக்கடைக்குள் அமைதியாக நுழைகிறது. காற்றையும் அவ்வாறே படிப்படியாகத் தணிக்கலாம். வலிய நிமிர்ந்த அலை ஒன்றுக்குப் பதிலாக, மெலிந்த சாய்ந்த அலைகள் சிலவற்றை முன்னே நிறுத்தி, இறுதியிலே மிக மெலிந்த நிமிர்ந்த அலை ஒன்றினூடாகக் காற்றை உள்ளே விட்டால் நட்டம் பெரிதும் குறைந்துவிடும்.

மிக் விமானத்தின் கூம்பு செய்யும் வேலை இதுவே. அதன் கூரிய முனையிலிருந்து சாய்ந்த அலை ஒன்று குடைபோல விரிகிறது. அதனைக் கடக்கும் காற்று சற்றே திரும்பி, சற்றே தணிந்து, பின்னர் வாயின் விளிம்புக்கும் கூம்புக்கும் இடையேயுள்ள வளையமான வழியாலே உள்ளே செல்கிறது. அந்தக் குடையின் ஓரம் வாயின் விளிம்பிலே சரியாகத் தொட்டு நிற்பதே மிகச் சிறந்த நிலை. குடை விளிம்புக்கு வெளியே அகன்று போனால் காற்று வழிந்து வீணாகும். உள்ளே விழுந்தால் எஞ்சினுக்குச் செல்லும் ஓட்டம் கலையும்.

இங்கேதான் ஒரு சிக்கல். குடை எப்பொழுதும் ஒரே அளவிலே விரிந்திருப்பதில்லை. வேகம் கூடக்கூட அது மடங்கிக் கூம்பை அணைத்துக்கொள்ளும். ஆகவே கூம்பை ஒரே இடத்திலே நிலையாகப் பொருத்திவிட்டால், அது ஏதேனும் ஒரு வேகத்துக்கு மட்டுமே பொருந்தும். வேகம் மாறும்போது கூம்பும் முன்னே நீண்டு பின்னே ஒடுங்குதல் வேண்டும். மிக்-21இன் முற்காலத்து வகையிலே கூம்புக்கு மூன்று நிலைகள் இருந்தன. ஒலியினும் ஒன்றரை மடங்கு வேகம் வரையில் அது உள்ளே ஒடுங்கியிருக்கும். அதன் மேல் இடைநிலைக்கு வரும். 1.9 மடங்கைத் தாண்டியதும் முழுதாக நீளும். பிந்திய வகைகளில் கூம்பு வேகத்துக்கு ஏற்பச் சிறிது சிறிதாக நகருமாறு திருத்தப்பட்டது. கூம்பும் பருத்து, அதன் உள்ளே ராடர் கருவிக்கும் இடம் கிடைத்தது.

இந்தியா இவ்விமானங்களை 1963ஆம் ஆண்டிலே முதன்முதலாகப் பெற்று, பின்னர் நாசிக் நகரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையிலே தானே அமைத்தது. எமது நாட்டு விமானப்படை 1991ஆம் ஆண்டிலே சீனாவிடமிருந்து வாங்கிய எப்-7 விமானங்களும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. மிக்-21இன் முற்காலத்து வகையைப் பின்பற்றிச் சீனர் அமைத்தவை அவை. ஆகையால் அம்மாணவி படத்திலே கண்ட கூம்பு எமது வானத்துக்கும் புதியதன்று.

காற்று வாய்க்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஓடுபாதையின் முனையிலே நின்று எஞ்சினை முடுக்கும்போது காற்று தானாக வந்து நுழைவதில்லை. எஞ்சின் தன் பலத்தாலே நாற்புறமிருந்தும் உறிஞ்சிக்கொள்ள வேண்டும். அவ்வேளையில் வாய் அகன்றும், விளிம்பு தடித்து உருண்டும் இருப்பது நல்லது. ஒலியை விஞ்சிய வேகத்திலோ நேர்மாறு. வாய் அளவாகவும் விளிம்பு கத்திபோலக் கூர்மையாகவும் இருத்தல் வேண்டும். ஒரே வாய் இரண்டு முகங்களையும் எப்படிக் காட்டும்? ஆகவேதான் இத்தகைய விமானங்களின் பக்கங்களிலே சிறு சிறு துணைக் கதவுகளை அமைத்தார்கள். மேலெழும்போது உள்ளே குறையும் அமுக்கமே அவற்றை உள்நோக்கித் திறந்து மேலதிகமான காற்றுக்கு வழிவிடும். வேகம் கூடியதும் அவை தாமாகவே மூடிக்கொள்ளும். நிமிர்ந்தவாறே மேலெழ வல்ல பிரித்தானியரின் ஹரியர் விமானத்திலும் காற்று வாயைச் சுற்றி இத்தகைய கதவுகள் உண்டு. விமானம் ஓய்ந்து நிற்கும்போது மேற்புறத்துக் கதவுகள் தம் பாரத்தாலே உட்புறமாகத் தொங்கிக் கிடப்பதைக் காணலாம்.

இக்கலையின் உச்சம் எது என்று கேட்டால், போர் விமானத்தை விட்டுப் பயணிகள் விமானம் ஒன்றையே காட்டவேண்டும். பிரித்தானியாவும் பிரான்சும் சேர்ந்து அமைத்த கொங்கோர்ட் விமானம் 1969 மார்ச் 2ஆம் திகதி முதன்முதலாகப் பறந்தது. 1976 ஜனவரியிலிருந்து 2003 வரையில் ஒலியின் இரு மடங்கு வேகத்திலே பயணிகளை ஏற்றிச் சென்றது. அதன் இறக்கைகளின் கீழே, பக்கத்துக்கு இரண்டாக நான்கு எஞ்சின்கள். ஒவ்வோர் எஞ்சினுக்கும் நீள்சதுரமான ஒரு காற்று வாய். அதிலே கூம்பு இல்லை. வாயின் கூரையிலே முன்னும் பின்னுமாக இரண்டு சாய்தளங்கள் இருந்தன. எண்ணெய் அமுக்கத்தாலே இயங்கும் அவை ஏறி இறங்கித் தொண்டையை ஒடுக்கவும் விரிக்கவும் செய்தன. தரையிலே ஒரு கதவு இருந்தது. மேலெழும்போது அதன் வழியே மேலதிகமான காற்று உள்ளே வரும். எஞ்சினைத் திடீரென அடக்க நேர்ந்தால், வேண்டாத காற்றை வெளியே கொட்டுவதற்கும் அதுவே வழி.

இச்சாய்தளங்களை மனிதன் கையால் இயக்குவது ஆகாத காரியம். எட்டுக் கணினிகள் அப்பணியைச் செய்தன. அக்காலத்துப் பயணிகள் விமானம் ஒன்றிலே அது பெரும் புதுமை. ஒலியின் 1.3 மடங்கு வேகத்தைத் தாண்டியதும் சாய்தளங்கள் தம் வேலையைத் தொடங்கும். இரு மடங்கை எட்டும்போது, வரும் காற்றின் அமுக்கத்திலே பத்தில் ஒன்பது பங்குக்கும் கூடுதலானதை வீணாகாமற் காத்து அவை எஞ்சினிடம் ஒப்படைக்கும். பூச்சியத்துக்கும் கீழே 56 பாகை குளிர்ந்திருந்த காற்று, அந்தச் சிறு தூரத்திலே நெரிபட்டுக் கொதிநீரின் வெப்பத்தை எட்டிவிடும்.

வியப்பு இன்னும் முடியவில்லை. அவ்வேகத்திலே விமானத்தைத் தள்ளிய மொத்த உந்துவிசையில் நூற்றுக்கு 63 பங்கு காற்று வாயிலிருந்தே கிடைத்தது என்பது பொறியியலாளர் கணக்கு. எரிபொருளை எரிக்காத ஒரு வாய் எவ்வாறு விமானத்தைத் தள்ளும்? வாயினுள்ளே தணிந்த காற்று அமுக்கம் மிகுந்து, பின்னோக்கி விரியும் சுவர்களை முன்னோக்கி உந்துகிறது. எஞ்சின் பின்னே நின்று அக்காற்றைத் தொடர்ந்து வாங்கிக்கொள்ளாவிட்டால் அந்த உந்தலும் இல்லை. ஆகவே வாய் தனித்துச் சம்பாதிப்பதில்லை. உழைப்பு எஞ்சினுடையது, அதை வீணாக்காமற் கணக்காய்ச் செலவு செய்வது வாயினுடையது. சிக்கனமான இல்லாள் உள்ள வீட்டிலே வருமானம் இரட்டிப்பாகத் தோன்றுவதில்லையா?

ஆயினும், அசையும் உறுப்பு எதுவும் உடையவும் கூடும். 1971 ஜனவரி 26ஆம் திகதி, கொங்கோர்ட்டின் முதலாவது மாதிரி விமானம் ஒலியின் இரு மடங்கு வேகத்தையொட்டிச் சோதனைப் பறப்பிலே இருந்தபோது, எஞ்சினிலே காற்று கொந்தளித்துத் திருப்பித் தாக்கியது. அத்தாக்குதலாலே காற்று வாய் ஒன்றின் சாய்தளமே பிய்ந்து போயிற்று. விமானம் பத்திரமாகத் தரைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் அலுவலகத்திலே காகிதத்தில் வரைந்த கோடு ஒன்றுக்கு வானத்திலே எத்தகைய சோதனை காத்திருக்கிறது என்பதை அமைத்தவர்கள் கண்ணாரக் கண்டுகொண்டார்கள்.

இதனிலும் கொடிய பாடம் ஐந்தாண்டு முன்னரே அமெரிக்காவிலே கிடைத்திருந்தது. பிளாக்பேர்ட் என்று பெயர்பெற்ற எஸ்.ஆர்.-71 வேவு விமானம், ஒலியினும் மும்மடங்குக்கு மேற்பட்ட வேகத்திலே செல்வது. அதன் ஒவ்வோர் எஞ்சினின் முன்னும் ஈட்டிபோன்ற பெரிய கூம்பு ஒன்று உண்டு. மிக்கிலே வேகம் கூடினாற் கூம்பு முன்னே வரும். இதிலோ ஒலியின் 1.6 மடங்குக்கு மேல் கூம்பு பின்னே ஒடுங்கத் தொடங்கி, முழு வேகத்திலே 66 சென்ரிமீற்றர் வரையில் உள்ளே சென்றுவிடும். காரணம், இதிலே காற்றைத் தணிக்கும் வேலையிற் பெரும் பகுதி வாய்க்கு உள்ளேதான் நடைபெறுகிறது. கூம்பு பின்னே செல்லச் செல்ல வாய் அதிகக் காற்றைப் பிடிக்கிறது. உள்ளேயுள்ள தொண்டை ஒடுங்குகிறது. கடைசி அலை அத்தொண்டையை அடுத்து, நூலிழையிலே நிற்பதுபோல நிற்கவேண்டும். ஏதேனும் ஒரு சலனத்தாலே அது இடம்பெயர்ந்தால், வாய்க்கு வெளியே துப்பப்பட்டுவிடும். உடனே அந்தப் பக்கத்து உந்துவிசை அற்றுப்போகும். மறுபக்கத்து எஞ்சின் தள்ளிக்கொண்டேயிருக்கும். விமானம் கன்னத்தில் அறைபட்டதுபோலத் திரும்பும்.

1966 ஜனவரி 25ஆம் திகதி பில் வீவர், ஜிம் ஸ்வேயர் என்னும் இருவர் அவ்விமானத்திலே சோதனைப் பறப்பிலிருந்தனர். வலப்புறக் காற்று வாயின் தானியங்கு முறை பழுதுபடவே, அதனைக் கையாலே இயக்க நேர்ந்தது. ஏறக்குறைய 24 கிலோமீற்றர் உயரத்திலே, ஒலியின் 3.18 மடங்கு வேகத்திலே திரும்பிக்கொண்டிருந்தபோது அந்த வாயின் அலை வெளியே துப்பப்பட்டது. சில செக்கன்களுக்குள் விமானம் துண்டு துண்டாகச் சிதறியது. ஆசனத்தைக் கழற்றி வெளியேற நேரமே இருக்கவில்லை. வீவர் நினைவிழந்த நிலையில் வெளியே எறியப்பட்டு, பாரசூட் தானாக விரிந்ததாலே நியூ மெக்சிகோ மாநிலத்தின் மேய்ச்சல் நிலமொன்றிலே உயிரோடு இறங்கினார். ஸ்வேயர் உயிர் பிழைக்கவில்லை. ஒரு கூம்பு எங்கே நிற்கவேண்டும் என்னும் வினாவுக்கு உயிர் ஒன்று விலையாயிற்று. பிற்காலத்திலே இவ்விமானங்களின் கூம்புகளையும் கணினிகளே இயக்கலாயின.

“அப்படியாயின் எல்லா விமானங்களுக்கும் அசையும் வாயை வைத்துவிடலாமே?” என்று சிலர் கேட்கலாம். அதுவும் சரியன்று. அசையும் வாய்க்குப் பாரம் உண்டு, செலவு உண்டு, ஓயாத பராமரிப்பு உண்டு. எதற்காகப் பறக்கிறோம் என்பதைப் பொறுத்தே அது தேவையா என்று முடிவு செய்தல் வேண்டும். இதற்கு எமது நாட்டோடு தொடர்புடைய சான்றும் உண்டு. சோவியத்தினர் அமைத்த மிக்-23 விமானத்தின் பக்கவாய்களிலே அசையும் சாய்தளங்கள் இருந்தன. அதே விமானத்தைத் தாழப் பறந்து தரையைத் தாக்குவதற்கென மிக்-27 ஆக மாற்றியபோது, அச்சாய்தளங்களை நீக்கிவிட்டு அசையாத எளிய வாயை வைத்தார்கள். தாழப் பறப்பதற்கு ஒலியின் இரு மடங்கு வேகம் எதற்கு? எமது விமானப்படை 2000ஆம் ஆண்டிலே உக்ரேன் நாட்டிலிருந்து வாங்கியவை இந்த மிக்-27 விமானங்களே. இந்தியா தன்னுடையவற்றை 2019 டிசெம்பரிலே ஓய்வுபெறச் செய்தது.

இவ்விமானங்களைப் பற்றி எழுதும்போது, அவை எமது வானத்திலே பறந்த ஆண்டுகளை மறந்துவிட்டு எழுத இயலாது. அவற்றின் ஓசை கேட்டுப் பிள்ளைகளை இழுத்தணைத்துக்கொண்ட தாய்மார் இப்பகுதியைப் படிப்போருள்ளும் இருப்பார்கள். போர் 2009இலே முடிந்தது. இயந்திரத்தின் நுட்பத்தை வியப்பது வேறு. அது ஏவப்பட்ட பணியை வியப்பது வேறு. முன்னதை மட்டுமே நான் இங்கு செய்கிறேன்.

அமெரிக்கரின் எப்-16 விமானமும், 2001 ஜனவரியிலே முதன்முதலாகப் பறந்த இந்தியாவின் தேஜஸ் விமானமும் அசையாத வாய்களோடே ஒலியை விஞ்சிச் செல்கின்றன. மேலே சொன்ன கணக்கை நினைவுகூருங்கள். ஒன்றரை மடங்கு வேகத்திலே ஒற்றை அலையின் நட்டம் நூற்றுக்கு 7 மட்டுமே. அந்தச் சிறு நட்டத்தை மீட்பதற்காகப் பாரமான பொறிகளைச் சுமப்பது, தேங்காய் ஒன்றைக் கொண்டுவர மாட்டுவண்டி பூட்டுவதற்கு ஒப்பாகும்.

வேகத்துக்காக அன்றி, மணலுக்காக மூடும் வாயும் உண்டு. இந்தியாவும் வைத்திருக்கும் மிக்-29 விமானம் ஓடுபாதையிலே ஓடும்போது, அதன் கீழ்வாய்கள் கதவால் மூடப்பட்டுவிடும். இறக்கையின் அடிப்புறத்து மேற்பரப்பிலேயுள்ள சிறு இடுக்குகளாலே எஞ்சின் அவ்வேளை மூச்சு விடும். சக்கரங்கள் கிளப்பும் கல்லும் மண்ணும் உள்ளே போகாமற் காப்பதற்கே இந்த ஏற்பாடு. விமானம் மேலெழுந்ததும் கீழ்வாய்கள் திறந்துகொள்ளும். புழுதிக் காற்று வீசும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கும் எமது பெண்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ செல்லும்போது நாம் ஏறும் பயணிகள் விமானத்தின் நிலை என்ன? அது ஒலியினும் மெதுவாகவே செல்வதால் அதற்குக் கூம்பும் வேண்டாம், சாய்தளமும் வேண்டாம். ஜன்னலோரத்திலே ஆசனம் கிடைத்தால் எஞ்சினின் முகப்பை உற்றுப் பாருங்கள். தடித்து உருண்ட அந்த விளிம்பே மேலெழும்போது வேண்டிய காற்றைச் சுழிப்பின்றி உள்ளே வளைத்துத் தருகிறது. முற்காலத்துப் போயிங் 707, 747 விமானங்களில் முகப்பைச் சுற்றித் துணைக் கதவுகள் இருந்தன. விளிம்பின் வடிவத்தைத் திருத்தக் கற்றுக்கொண்ட பின்னர் அவையும் தேவையற்றுப் போயின. அசையும் உறுப்பை அமைப்பது ஒரு திறமை. அது வேண்டாதபடி அமைப்பது இன்னொரு திறமை.

இனித் தீர்ப்புக்கு வருவோம்.

சகோதரர் சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு. கூரிய முனை தடையைக் குறைக்கும். ஆனால் காற்றைக் கிழிப்பது மட்டுமே நோக்கமாயின் கூம்பு முன்னும் பின்னும் நகரவேண்டியதில்லை. ஆசிரியர் சொன்னதும் உண்மையே. பிந்திய வகைகளிலே கூம்புக்குள் ராடர் இருந்தது. ஆனால் அது கூம்பு இருந்ததனாலே குடிவந்தது. ராடருக்காகக் கூம்பு பிறக்கவில்லை.

வாப்பா சொன்னதோ நடுமையத்திலே தைத்த அம்பு. பெருங்குளத்தின் துருசை அவர் தினமும் காண்பவர். கல்லோயாத் திட்டம் 1949இலே தொடங்கிய நாள்முதல் அட்டாளைச்சேனையைச் சூழ்ந்த வயல்களின் கதை துருசும் கதவும் வாய்க்காலும் சேர்ந்த கதையே. சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீரை உள்ளபடியே அவிழ்த்துவிட்டால் வயல் விளையாது, வயலே இராது. வட்டவிதானையார் கதவை எந்த நாளில் எவ்வளவு திறக்கவேண்டும் என்று அறிந்திருப்பதாலேயே நெல் விளைகிறது. இந்நாட்டின் பழங்காலத்தவர் பெருங்குளங்களின் அணைக்கட்டுக்குள் சதுரமான ஒரு கற்கிணற்றைக் கட்டினார்கள். சிங்களத்திலே அதனைப் பிசோகொட்டுவ என்பர். ஆழத்து நீரின் வேகத்தைத் தணித்து அளவாக வெளியே விடுவதற்கு அது ஒரு கருவி என்று, நீர்ப்பாசனப் பொறியியலாளராக இங்கே பணியாற்றிய ஹென்றி பார்க்கர் 1909இலே வெளியிட்ட தமது நூலில் விளக்கினார். வேகத்தோடு வருவதைத் தணித்து, தணித்ததை அளந்து, அளந்ததை வேண்டிய இடத்துக்கு அனுப்புவது என்னும் மூன்று வேலையையும் அந்தக் கற்கிணறும் செய்தது. மிக் விமானத்தின் கூம்பும் அதையே செய்கிறது. ஒன்று நீருக்கு, மற்றொன்று காற்றுக்கு.

ஒரேயொரு வேறுபாட்டை மட்டும் குறித்துக்கொள்ளவேண்டும். தண்ணீர் நெருக்கினாலும் சுருங்காது. காற்று சுருங்கும், சூடேறும், ஒலியை விஞ்சினால் அதிர்ச்சி அலையை எழுப்பும். ஆகவே உவமையை முழுத் தூரமும் இழுத்துச் செல்லலாகாது. அந்த மிகுதித் தூரத்தைக் கடப்பதற்கே மாணவி பயிலும் பௌதிகவியலும் கணிதமும் இருக்கின்றன. அட்டாளைச்சேனைக்கு அண்மையிலே, ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அதன் பொறியியற் பீடமும் இருக்கின்றன. கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தத் தூரம் பெரிதன்று.

மகளே, இந்தப் பக்கத்தை வெட்டியெடுத்து அதே கொப்பியிலே ஒட்டிக்கொள். ஆனால் அதற்கு முன்னர், வாப்பா வயலிலிருந்து வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும், அவருக்கு இதனை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டு. சிரித்தவர்களும் பக்கத்தில் இருக்கட்டும்.